முந்நூற்று நாற்பது நகல்கள்

நீதிமன்றப் பதிவறையில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'முழுப்படம்'. சாட்சிகளின் வாக்குமூலம் பதிந்த தகடுகளுக்குப் பாதுகாப்பு நகல் எடுப்பது அவள் வேலை. எடுத்த நகலை முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை ஓட்டிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவாள். ஒரு மணி நேர வாக்குமூலம் என்றால் எடுக்க ஒரு மணி, பார்க்க ஒரு மணி. நாளுக்கு மூன்று தகடு, மிஞ்சினால் நாலு. பத்தொன்பது வருஷமாக அவள் காதில் விழுந்ததெல்லாம் பொய்யும் அழுகையும்தான். வீட்டில் யாராவது "சத்தியமா சொல்றேன்" என்று பேச்சைத் தொடங்கினால் எழுந்து போய்விடுவாள்.

அவை சாதாரணத் தகடுகள் அல்ல. பதியும்போதே இயந்திரம் அவற்றைப் பூட்டிவிடும். பூட்டைத் திறக்கும் சாவி, தகட்டின் நடு வளையத்தில் பதிந்திருக்கும். பதிவறையில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு பழைய இயந்திரத்துக்குத்தான் அதைப் படிக்கத் தெரியும். தகட்டில் உள்ள கோப்பை மட்டும் இழுத்து ஒரு சேமிப்புப் பெட்டியில் போட்டால் பூட்டு வரும், சாவி வராது. அதனால் அவள் தகட்டை ஓடவிட்டு, ஓடுவதைப் பூட்டில்லாமல் புதிதாகப் பதிவாள். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

அவளுடைய மேலதிகாரி அவள் கொழுந்தன். வீட்டில் மாடியில் அவன் குடும்பம், கீழே அவள் குடும்பம், நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு சமையலறை. அலுவலகத்தில் அவன் அவளை "மேடம்" என்பான், வீட்டில் "அண்ணி" என்பான். இரண்டிலும் மரியாதை இருந்ததில்லை.

"அண்ணி, நீங்க வேல பாக்கறீங்களா, படம் பாக்கறீங்களா? டிக்கெட் போட்டு வித்தா ஆபீசுக்காவது வருமானம்" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். அவன் மனைவி தட்டைப் பார்த்தபடி சிரித்தாள்.

தகடுகள் இருந்த அறையைக் கூட்ட அரங்காக மாற்ற அவன் மேலிடத்தில் வாக்குக் கொடுத்திருந்தான். மீதி இருந்தவை முந்நூற்று நாற்பது. அவளை நாலு நாள் முன்வாசல் கவுன்ட்டருக்கு அனுப்பிவிட்டு, இரண்டு எழுத்தர்களை உட்காரவைத்து அத்தனையையும் சேமிப்புப் பெட்டியில் இழுத்துப் போடச் சொன்னான். ஐந்தாம் நாள், தகடுகளை நொறுக்கும் வண்டி முற்றத்தில் வந்து நின்றது. நகல்கள் ஓடுகின்றன என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் மூலத்தகடுகளை அழிக்க முடியும். அது விதி.

"ஓடாது" என்றாள்.

"பாக்காமலே சொல்றீங்க."

"பாக்கணும்னு அவசியமில்ல. எதுவும் ஓடாது."

நொறுக்குவதற்காகக் கட்டி இறக்கியிருந்த தகட்டு மூட்டைகளில் ஒரு லாரி ஓட்டுநரின் வழக்கும் இருந்தது. கொலைக் குற்றத்தில் உள்ளே இருக்கிறான். மேல்முறையீடு அடுத்த மாதம். சம்பவத்தை நேரில் பார்த்த ஒரே சாட்சி போன வருஷம் இறந்துபோனார். அவர் என்ன சொன்னார் என்பது ஒரு தகட்டில் மட்டும் இருக்கிறது. ஓட்டுநரின் வக்கீல் நகல் கேட்டு இரண்டு முறை மனுப் போட்டிருந்தார்.

முந்தின இரவே கணவன் சொல்லியிருந்தான்: "அவன் ஆபீசுல பெரியவன், நீ வீட்டுல பெரியவ. ரெண்டையும் போட்டுக் கலக்காத. கையெழுத்த போட்டுட்டுப் போயேன்."

"உள்ள இருக்கறவன் உங்க தம்பியா இருந்தா?" என்று கேட்டாள். அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கொழுந்தன் எல்லோரையும் பழைய இயந்திரத்தின் முன்னால் கூப்பிட்டான். எழுத்தர்கள் கடைசியாக எடுத்த நகலைத் திறந்தான். திரையில் ஒரு பெண் தெளிவாகப் பேசினாள், குரலும் வந்தது.

"ஓடுதா மேடம்? தெரியுதா, இல்ல என் கண்ணாடிய தரட்டுமா?"

ஒரு எழுத்தர் களுக்கென்று சிரித்தார். அவளுக்கு முகம் எரிந்தது. பத்தொன்பது வருஷம் படித்து வைத்தது தப்பா? யாரோ கையில் பேனாவைத் திணித்தார்கள். படிவத்தின் மேல் குனிந்தவள், இயந்திரம் தகட்டைப் படிக்கும்போது எரியும் பச்சை விளக்கு விட்டுவிட்டு மின்னுவதைப் பார்த்தாள். நகல் ஓடுவது சேமிப்புப் பெட்டியிலிருந்து. அப்புறம் தகட்டு விளக்கு ஏன் மின்ன வேண்டும்?

"தட்டுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? ஒண்ணுமில்ல, போடுங்க."

அவள் பொத்தானை அழுத்தினாள். தட்டு வெளியே வந்தது. எழுத்தர்கள் வெளியே எடுக்க மறந்துவிட்ட மூலத்தகடு அதில் பளபளத்தது. திரையில் அந்தப் பெண்ணின் திறந்த வாய் சாம்பல் நிறக் கட்டங்களாக உடைந்து, குரல் கரகரத்து நின்றது.

"சாவி இதுல இருக்கு. நீங்க காட்டினது நகல் இல்ல, மூலத்தோட சாவி."

"அந்த ஒண்ணுல ஏதோ கோளாறு..."

"தட்டு காலியா இருக்கட்டும். இன்னொண்ணு திறங்க." ஓட்டுநரின் வழக்கு எண்ணைச் சொன்னாள். சாம்பல் கட்டங்கள். அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே.

"சைஸ் சரியா இருக்கே!" என்றான்.

"பொணத்துக்கும்தான் எடை சரியா இருக்கும்."

முன்பு சிரித்த எழுத்தர் இந்தத் தடவை அவசரமாக இருமினார். கொழுந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு அவளருகே வந்தான். "எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டீங்கல்ல அண்ணி?"

"ஆபீசுல மேடம்னு கூப்பிடுங்க சார்."

வண்டி வெறுமனே திரும்பியது. மூட்டைகளை மறுபடி மேலே தூக்கி வந்தவர்கள் அவளைத்தான் திட்டினார்கள். அன்று மாலையே ஓரகத்தி சமையலறையிலிருந்து தன் பாத்திரங்களை மாடிக்குக் கொண்டுபோனாள், ஒவ்வொன்றையும் படியில் இடித்துக்கொண்டே. கணவன் ஒரு வாரம் பேசவில்லை.

திங்கட்கிழமை அவள் போனபோது அறையில் நாற்காலி இல்லை. கேட்டதற்கு, "பழுது பாக்கப் போயிருக்கு" என்றார்கள். இரண்டு நாற்காலிகளும் ஒரே சமயத்தில். அவள் ஓட்டுநரின் தகட்டை முதலில் எடுத்து, ஓரத்தைத் துணியால் துடைத்து, தட்டில் வைத்தாள். எழுபத்திரண்டு நிமிடம். நின்றுகொண்டே பதிந்தாள். பிறகு நகலை ஓடவிட்டு நின்றுகொண்டே பார்த்தாள்.

பாதியில் கொழுந்தன் வாசலில் வந்து நின்றான்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

அவள் திரும்பவில்லை. திரையில் இறந்துபோன மனிதர் தண்ணீர் கேட்டுக் குடித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"அவர் பேசி முடிக்கற வரைக்கும்" என்றாள்.