தங்கபாண்டியின் மண்டைக்குள் எடுத்த இரண்டு படம்

தங்கபாண்டியை யாராவது 'பாண்டி' என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டான். திருவனந்தபுரத்தில் தமிழனை இளக்காரமாகக் கூப்பிடுகிற அந்தச் சொல்லை எந்தத் தொனியில் சொல்வார்கள் என்று நம் ஆட்களுக்குத் தெரியும். சாலைக் கடைத்தெருவில் எங்கள் ஹோட்டலுக்கு வரும், மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள், "பாண்டீ, ரெண்டு பொறோட்டா" என்பார்கள். இவன் கல்லையே பார்த்துக்கொண்டு நிற்பான். "பாதிப் பேரச் சொன்னா பாதி பரோட்டாதான் வரும்" என்பான். ஒருநாள் நிஜமாகவே பாதியைப் பிய்த்து வைத்தான். முதலாளி தாசையன் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் அதே கடையில் சாயா அடிக்கிறவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தங்கபாண்டியைப் படம் எடுத்த டாக்டர் சொன்னதில் எனக்கு விளங்கியதை மட்டும் எழுதுகிறேன். விளங்காததை எழுதிப் பெரிய ஆளாகிற உத்தேசம் எனக்கு இல்லை.

தங்கபாண்டிக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணம் ஆகவில்லை. அக்கா ஆவுடைத்தாயோடு கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தான். பரோட்டா வீசுவதில் அவன் கைக்கு ஈடு கிடையாது. மாவு அவன் கையில் துணி மாதிரி விரிந்து காற்றில் போய், கல்லில் வந்து படுக்கும்.

தொண்ணூற்றெட்டில் அவனுக்கு உடம்புக்கு வந்தது. அடுக்களையில் புகையை இழுக்கிற ஃபேன் தன்னோடு பேசுகிறது என்றான். 'உன் கையை வெட்டப் போறோம்' என்று அது சொல்கிறதாம். ஒருநாள் கல்லில் பரோட்டா கருகிக்கொண்டிருக்க, ஆளைக் காணவில்லை. தம்பானூர் பஸ் நிலையத்தில், ஒரு பெஞ்சுக்கு அடியில், இரண்டு கையையும் அக்குளில் ஒளித்துக்கொண்டு கிடந்தான். சங்கிலி போட்டுக் கட்டி வைக்கிற இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று அக்கா அழுதாள். நானும் தாசையனும் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம்.

மாத்திரை கொடுத்தார்கள். முதலில் அவன் அதைப் பாய்க்கு அடியில் ஒளித்தான். ஃபேன் மறுபடியும் பேசியது. அதற்குப் பிறகு அவனாகவே ஒரு முடிவுக்கு வந்தான். "அது பேச ஆரம்பிச்சா என் பொழப்பு போச்சு. மாத்திரையத் தின்னா ஃபேன் வெறும் ஃபேன். நான் தின்னுதேன்" என்றான். அன்றிலிருந்து காலையில் கடையில் அடிக்கிற முதல் சாயாவோடு எங்கள் கண் முன்னாலேயே விழுங்கினான். விழுங்கிவிட்டுத் தாசையனுக்கு முன்னால் போய் வாயைத் திறந்து நாக்கை நீட்டுவான். "பாத்துக்கிடும் முதலாளி. உள்ள போயிட்டு." ஒரு நாளும் தவறியதில்லை. நான் சாட்சி.

ஆனால் பைத்தியம் என்று ஒரு தடவை பேர் விழுந்தவன் சொல்கிற உண்மைக்கு ஊரில் என்ன மதிப்பு?

சில வருஷம் கழித்து அவன் கை இறுகத் தொடங்கியது. விரல்கள் மரக்கட்டை மாதிரி ஆயின. மாவை வீசினால் கல்லுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. முகத்தில் சிரிப்பு வராது, வாயோரம் எச்சில் ஒழுகும். தாசையன் அவனை வெங்காயம் நறுக்க உட்கார வைத்தார். கத்தி நழுவியது. "ஓணம் வரை பாக்கட்டு. கை சரியாவல்லேங்கில் நான் வேற மாஸ்டரை எடுக்கணும், கேட்டியா?" என்று சொல்லிவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. பரோட்டா இல்லாத கடைக்கு யார் வருவார்?

ஆஸ்பத்திரியில் கேட்டால், நோயே அப்படித்தான் என்றார்கள். தங்கபாண்டி ஒத்துக்கொள்ளவில்லை. "மாத்திரையும் வேணும், என் கையும் வேணும். ரெண்டும் தாங்க" என்று சண்டை போட்டான். அப்போதுதான் டாக்டர் ஹரிகுமார் என்பவர் அவனைக் கூப்பிட்டார். இந்த மாத்திரைகள் மூளையில் என்ன செய்கின்றன என்று படம் எடுத்துப் பார்க்கிற ஆராய்ச்சி அவருடையது.

கடையில் எல்லோரும் பயம் காட்டினார்கள். "எலிக்குப் பதிலா உன்னை வச்சுப் பாக்கப் போறான்" என்றான் ஒரு சுமட்டுக்காரன்.

"எலிக்குப் பரோட்டா வீசத் தெரியாது. அதான் என்னைக் கூப்பிடுதாவ" என்றான் தங்கபாண்டி.

டாக்டரிடம் ஒரே நிபந்தனை போட்டான். படத்தை அவனுக்குக் காட்ட வேண்டும். வழக்கம் இல்லை என்றார். "என் மண்டை சார். எனக்கில்லாம யாருக்குக் காட்டப் போறீய?" என்று எழுந்துவிட்டான். டாக்டர் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

விஷயம் இதுதான். மூளைக்கு நடுவில் இரண்டு பக்கமும் முந்திரிப்பருப்பு மாதிரி இரண்டு இடம் உண்டாம். அங்கே கண்ணுக்குத் தெரியாத வாசல்கள். மாத்திரை போய் அந்த வாசல்களை அடைக்கும். தேவையான அளவு அடைந்தால் குரல்கள் அடங்கும். அதற்கு மேலும் அடைந்தால் கை கால் இறுகும். எவ்வளவு அடைந்திருக்கிறது என்று பார்க்க நரம்பில் ஓர் ஊசி போடுவார்கள். அந்த மருந்து வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். அது அடைபடாத வாசலில் போய் ஒட்டிக்கொண்டு மினுங்கும். தலையைச் சுற்றி ஒரு பெரிய கேமரா மெல்லச் சுற்றி அந்த மினுக்கத்தைப் படம் பிடிக்கும்.

தங்கபாண்டி அசையாமல் படுத்திருந்தான். கேமரா உறுமியதாம். "நீ வெறும் மெஷின்னு மனசுக்குள்ள அதுகிட்ட சொல்லிக்கிட்டே கிடந்தேன்" என்றான் வெளியே வந்து.

படம் வந்தது. நானும் உடன் இருந்தேன். முந்திரிப்பருப்பு மினுங்க வேண்டிய இரண்டு இடமும் இருட்டு; வாசல் அத்தனையும் அடைபட்டிருந்தது.

டாக்டர் முகம் மாறியது. "தங்கபாண்டி, உள்ளதைச் சொல்லணும். தினம் எத்தனை குளிகை?"

"ஒண்ணு."

"ஒண்ணுல இத்தனை இருட்டு வராது. நீ கூடுதல் முழுங்கறே."

"ஒண்ணுதான் சார்."

"பொய் சொன்னா இந்த ஆராய்ச்சியில உன்னை வைக்க ஒக்காது, கேட்டோ."

நான் வாயைத் திறந்தேன். தங்கபாண்டி கை காட்டி நிறுத்தினான். "திங்கலன்னு அஞ்சு வருசமா எல்லாரும் சந்தேகப்பட்டாவ. இன்னைக்கு நீங்க அளவுக்கு மேல திங்கேன்னு சொல்லுதீய. அப்ப நான் என்னதான் செய்யணும்? என்னைய இங்கயே படுக்கப் போடுங்க. மாத்திரைய உங்க கையால தாங்க. அப்புறம் ரெண்டாவது படத்த எடுங்க. அதுக்கு முன்னால பொய்யன்னு சொல்லாதீய."

இரண்டாவது படம் எடுப்பது ஏற்கெனவே அவர் திட்டத்தில் இருந்ததுதான். வார்டில் சேர்த்துக்கொண்டார். வெளிச்சாப்பாடு எதுவும் கூடாது என்று கட்டளை போட்டார்.

மறுநாள் காலை ஆவுடைத்தாய் ஃபிளாஸ்கில் சாயாவோடு வந்தாள். வாசலில் நர்ஸ் பிரேமா மறித்தாள். "சேச்சி, இதொண்ணும் உள்ளே விட மாட்டோம்."

"என் தம்பிக்கு நான் குடுக்காம யாரு குடுப்பா?"

"இங்க சாயா கிடைக்கும்."

"ஏ பிள்ள, இது வெறும் சாயா இல்லட்டி! இதக் குடிக்காட்டா அவனுக்குத் திரும்பவும் கூடிப் போவும்!"

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. ஃபிளாஸ்கை மார்போடு அணைத்துக்கொண்டாள். டாக்டர் வந்து விசாரித்தார். எல்லாம் வெளியே வந்தது. முதல் வருஷம் பாய்க்கு அடியில் கண்டெடுத்த மாத்திரைகளை அவள் மறக்கவே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லி, ஏதோ மருந்துக் கடையில், அந்த மாத்திரையின் வேலையையே செய்கிற சொட்டு மருந்து ஒன்றை வாங்கியிருக்கிறாள். நிறம் கிடையாது, மணம் கிடையாது. தினமும் அவன் விடிகாலையில் எழுந்து வீட்டில் குடிக்கிற, பாலில்லாத கட்டஞ்சாயாவில் விட்டிருக்கிறாள். கையும் நடையும் இறுக இறுக, நோய் முற்றுகிறது என்று பயந்து இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கிறாள்.

தங்கபாண்டி கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"எக்கா, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

"கேட்டா நீ தின்னேன்னுதான்ல சொல்லுவ."

"தின்னேம்லா!"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவனுக்கும் கண் கலங்கியது. ஆனால் விடவில்லை, டாக்டர் பக்கம் திரும்பினான். "இப்ப நம்புதீயளா சார்?"

"ஆமா."

"மெஷின் சொன்னதால அக்கா மாட்டுனா, அதால நம்புதீய. நான் சொன்னப்ப நம்பல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சில வாரங்கள் கழித்து இரண்டாவது படம். இரண்டு முந்திரிப்பருப்பும் மங்கலாகத்தான், ஆனால் அடையாளம் தெரிகிற அளவுக்கு மினுங்கின. மாத்திரை ஒன்றே போதும் என்று டாக்டர் எழுதினார். ஃபேன் பேசவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக இளகின. இரண்டு படத்துக்கும் நகல் கேட்டு வாங்கி, பரோட்டாக் கல்லுக்கு மேலே சுவரில் ஆணியடித்து மாட்டினான். எதுக்கு இது என்று சுமட்டுக்காரன் கேட்டான். "என் மூளை. உமக்கும் ஒண்ணு இருந்தா கொண்டாரும், பக்கத்துல இடம் கெடக்கு" என்றான்.

வீட்டில் இப்போது சாயா போடுவது அவன்தான். அக்காவுக்கும் அவனே ஊற்றிக் கொடுக்கிறான். "குடி. நான் ஒண்ணும் கலக்கல" என்று தினமும் சொல்கிறானாம். அவளுக்கு அது குத்தும். குத்தட்டும் என்றே சொல்கிறான்.

ஓணத்துக்கு முந்தைய நாள் கல்லுக்கு முன்னால் வந்து நின்றான். தாசையன் பழக்கத்தில், "தங்கபாண்டி, குளிகை தின்னாச்சா?" என்று கேட்டுவிட்டு அவன் வாயைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"தின்னாச்சு."

"எங்கே, காட்டு."

"கேட்டீரு, சொன்னேன். இனிமே நாக்க நீட்ட மாட்டேன் முதலாளி."

தாசையன் என்னைப் பார்த்தார். நான் சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தேன். தங்கபாண்டி எண்ணெய்க் கையால் ஒரு உருண்டையை எடுத்துத் தட்டி, விரித்து, வீசினான். முதல் மாவு கிழிந்தது. அடுத்த உருண்டையை எடுத்தான்.