‘அக்காவும் தங்கச்சியும்’ என்றார் அருளப்பு

செங்கலடி வாசிகசாலை மண்டபத்தில் அன்று மாலை, அத்தனை பேர் கேட்க, அருளப்பு அந்த உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமா? அதனால் கேடு வந்தால் அது அவருக்கு வராது. இரண்டாவது வரிசையில் தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்குத்தான் வரும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பத்து வருடங்களுக்கு மேலாகியும் இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இதை எழுதி முடிக்கும்போது கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில் அருளப்புவின் மைத்துனர் பாடசாலை வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். “டீச்சர், அத்தான் விடியப்புறம் போயிட்டார்” என்றார். எங்கே என்று கேட்டேன். அவர் தலையைக் கவிழ்த்தபோதுதான் விளங்கியது. நெஞ்சு நோ வந்து ஒரு மணித்தியாலம்கூட இருக்கவில்லையாம். நான் வகுப்புக்குத் திரும்பிப் போய்ப் பாடத்தை முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

உங்களில் பலர் அவரை ஒரு குரலாகத்தான் அறிவீர்கள். நீர்ப்பாசனக் கந்தோரில் வாய்க்கால்களுக்கும் மதகுகளுக்கும் படம் வரைந்துகொண்டிருந்த அந்த மனிதர், மாதத்தில் ஒரு ஞாயிறு ஏதாவதொரு ஊரில் வெள்ளைத் திரைக்குப் பக்கத்தில் ஒலிவாங்கியோடு நின்று, நாங்கள் எவரும் காணாத நாடுகளின் காதல் கதைகளைத் தமிழில் சொன்னார். எங்கள் திரைப்பட வட்டம் என்பது அவரும் நானும் ஒரு புரொஜெக்டரும்தான். கொழும்பிலுள்ள தூதரகங்களுக்கு எழுதிப்போட்டால் படப்பெட்டி ரயிலில் வரும். வெள்ளிக்கிழமை பின்னேரம் பாடசாலை விஞ்ஞான கூடத்தின் கறுப்புச் சீலைகளை இழுத்துவிட்டு ஒருமுறை போட்டுப் பார்ப்போம். படத்தின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளை நான் இருட்டில் கொப்பியில் கிறுக்குவேன். சனிக்கிழமை அதைத் தமிழாக்கிக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை அவர் பேசுவார். ஊர் எங்கள் இருவரையும் பற்றிக் கதைத்ததாகக் கேள்வி. அதைக் கவனிக்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. ஆங்கில வரிகள் மிக வேகமாக ஓடின.

நான் எழுதிக் கொடுத்ததை அவர் அப்படியே சொன்னதில்லை. வாகரையில் ஒரு யப்பானியப் படம் போட்டோம். கடைசியில் காதலன் ஒரு வார்த்தையும் பேசாமல், குனிந்து வணங்கிவிட்டுப் படலையைத் தாண்டிப் போகிறான். என் தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அருளப்பு ஒலிவாங்கியில், “அப்ப நான் போயிட்டு வாறன்” என்றார். முன்னால் இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். திரும்பும் வழியில் நான் சண்டை பிடித்தேன்.

“அவன் வாயே திறக்கவில்லை. நீங்கள் யார் அவனுக்குப் பேச்சுக் கொடுக்க?”

“டீச்சர், வாகரையில ஒருத்தன் சொல்லாமப் போறதெண்டா அது செத்த வீட்டில இருந்துதான். அவள் செத்துப் போனாளெண்டு சனம் நினைச்சிருக்கும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த மௌனம்தான் அந்த நாட்டுக்காரரின் காதல், அதைத்தானே பார்க்க வந்தோம் என்று நான் விடவில்லை. “நீங்க எழுதுறது சரி. ஆனா சனம் என்ட வாயைத்தான் பாக்குது” என்றார். படம் பார்க்க வந்தவர்கள் உங்கள் வாயைப் பார்த்தால் அது படத்தின் தோல்வி என்றேன். இதை அவர் பிறகு மட்டக்களப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

இனி அந்தச் செங்கலடிக் கதை. சிவயோகம் எங்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்தாள். செங்கலடியில் தாயோடும் தாய்மாமனோடும் இருந்தாள். மாமன் கோயில் வண்ணக்கர். கோயில் நிர்வாகமும் வாசிகசாலையும் குடும்பத்துக் கலியாணங்களும் அவர் சொற்படிதான் நடக்கும். அவள் விரும்பிய தவராசா அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞன். குறை சொல்ல முடியாத பையன், ஆனால் அவளுடைய குடி. நம் பக்கத்தில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியாக வருவது. ஒரு குடியில் பிறந்தவர்கள் எத்தனை தலைமுறை விலகி இருந்தாலும் அண்ணன் தங்கை முறை, கட்டக்கூடாது. சட்டத்துக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஆகவே இருவரும் வீட்டுக்குச் சொல்லாமல் விவாகப் பதிவுக்கு அறிவித்தல் கொடுத்திருந்தார்கள். பதிவாளரின் பலகையில் அந்தத் தாள் எல்லோரும் வாசிக்கும்படி தொங்கியது. திங்கட்கிழமை பத்து மணிக்குப் பதிவு. அதற்குள் மாமன் அறிந்தால் அவளை வெளியே விடமாட்டார். கரடியனாற்றில் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்துவிடுவார்.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். அருளப்புவிடம் கேட்டவுடன் ஓம் என்று சம்மதித்தார். நான் யோசிக்க வேண்டும் என்றேன்.

“நீங்க யோசிச்சு முடியிறதுக்குள்ள எனக்குப் பேரப்பிள்ளை பிறந்திரும் டீச்சர்” என்றாள் சிவயோகம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டு மணி அடிப்பதற்கு முன்பே வகுப்புக்குப் போய்விட்டாள்.

பதிவுக்கு முதல்நாள் ஞாயிறு, செங்கலடியில் படம். அதை மூன்று மாதத்துக்கு முன்பே வண்ணக்கர்தான் ஒழுங்கு செய்திருந்தார். வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்து போட்டுப் பார்த்தோம். வட ஐரோப்பாவில் ஒரு தீவு, ஒரு மீன்பிடிக் கிராமம். தொடக்கத்தில் ஒரு கிழவி இறந்து கிடக்கிறாள். அவளுடைய இரண்டு மகள்மார் விழுந்து அழுகிறார்கள். ஒருத்தியின் மகனும் மற்றவளின் மகளும் காதலிக்கிறார்கள். அந்த ஊரில் எவரும் அதை ஒரு விஷயமாகவே எடுக்கவில்லை. அவர்களைப் பிரிப்பது வேறொன்று. சகோதரிகளில் ஒருத்தி வேறு சபைக்காரனைக் கட்டியவள். இரண்டு குடும்பமும் இரண்டு கோயிலுக்குப் போகின்றன.

“இதைப் போட ஏலாது” என்றேன்.

“வேற படம் இல்ல டீச்சர். இல்லையெண்டு சொன்னா வண்ணக்கர் ஏனெண்டு கேப்பார்.”

சனிக்கிழமை நான் அதுவரை செய்யாத காரியத்தைச் செய்தேன். இரண்டு சகோதரிகளில் ஒருத்தியை இறந்தவளின் மருமகளாக்கினேன். அப்போது பிள்ளைகள் மச்சானும் மச்சாளும். நம் பக்கத்தில் அப்படி இரண்டு பேர் விரும்பினால் எவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மாற்றியது ஐந்து வரி. அருளப்பு வாசித்துவிட்டு, “டீச்சரும் பழகிட்டீங்க” என்றார். 

ஞாயிறு ஆறரைக்குத் தொடங்கினோம். வண்ணக்கர் முன்வரிசை நடுவில். அவருக்குப் பின்னால் சிவயோகமும் தாயும். தவராசாவை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தோம். முதல் ரீல் ஓடும்போதே அவன் கதவடியில் நிற்பதைக் கண்டேன். எங்களிடம் இருந்தது ஒரு புரொஜெக்டர். ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டுத்தான் மாற்றவேண்டும். வெளிச்சம் வந்ததும் வண்ணக்கர் திரும்பிக் கதவடியைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். அவருக்கு ஏதோ தெரியும் என்று அப்போது எனக்கு உறுதியாயிற்று. பிறகு அருளப்புவின் பக்கம் திரும்பினார்.

“படக்கார ஐயா, ஒரு கேள்வி. அந்த ரெண்டு பொம்பிளையளும் ஆர்?”

“ஒராள் மகள். மற்றவ...”

“மருமகளெண்டு சொன்னீங்க. மாமி செத்ததுக்கு ஒரு மருமகள் அப்பிடி விழுந்து அழுது நான் இன்னும் காணல்ல.”

மண்டபம் சிரித்தது. “என்ட மருமகளயும் கூட்டி வந்து காட்டுங்க கா!” என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. சிரிப்பு கூடியது. வண்ணக்கர் சிரிக்கவில்லை. அருளப்பு என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். வேண்டாம் என்பதற்கு அதைவிடத் தெளிவாக ஒருவர் தலையை அசைக்க முடியாது.

அவர் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“அக்காவும் தங்கச்சியும்.”

 எல்லோரும் ஒன்றாகப் பேசத் தொடங்கினார்கள்.

“அப்ப அந்தப் பொடியனும் புள்ளயும் அண்ணன் தங்கச்சியெல்லா!”

“அந்த ஊரில அம்மான்மார் எல்லாரும் செத்துப் போனாங்களா ஐயா?”

வண்ணக்கர் எழுந்து கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது.

“தெரிஞ்சுகொண்டா எங்களுக்கு மாத்திச் சொன்னீங்க?”

“ஓம். தெரிஞ்சுதான்.” எழுதியது நான் என்று அருளப்பு சொல்லவில்லை.

“ஏன்?”

“பயம்.”

சிவயோகம் தலையைக் குனிந்திருந்தாள். தாய் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

“அந்தப் பிள்ளையளுக்கு மறுகா என்ன நடக்குது?” என்றார் வண்ணக்கர்.

“இன்னும் ரெண்டு ரீல் கிடக்கு. நீங்க சொன்னா நிப்பாட்டுறன்.”

வண்ணக்கர் மறுபடியும் கதவடியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். “போடுங்க. இனி மாத்தாமச் சொல்லுங்க.”

மிச்சத்தை அருளப்பு ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல் சொன்னார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் மாற்றிய வரி வந்தபோதெல்லாம் வெள்ளிக்கிழமை பார்த்ததை நினைவிலிருந்து சொன்னார். காதலுக்குத் தடை கோயில்தான் என்று தெரிந்ததும், “அக்கா தங்கச்சிட பிள்ளையள், அது பறவாயில்லயாம். வேற கோயிலுக்குப் போறதுதான் பிழையாம். என்ன சனம் கா இது!” என்றாள் ஒரு முதியவள். இந்த முறை எவரும் சிரிக்கவில்லை. படத்தின் முடிவில் இருவரும் தீவைவிட்டுப் படகேறிப் போகிறார்கள். பெண்ணின் தாய் துறைக்கு வரவில்லை. குசினியில் கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறாள். அதோடு படம் முடிகிறது.

வண்ணக்கர் வழமையான நன்றியுரை சொல்லவில்லை. தங்கையையும் சிவயோகத்தையும் முன்னால் நடக்கவிட்டு வெளியே போனார். கதவடியில் தவராசாவைக் காணவில்லை.

திரும்பி வந்த வான் வண்டியில் அருளப்புவிடம் சொன்னேன்: “அவளுடைய கதையை முடித்துவிட்டீர்கள்.”

“அவர் கேட்டது படத்தைப் பற்றி இல்ல டீச்சர். நான் அந்த இடத்தில பொய் சொல்லியிருந்தா, நாளைக்கு அந்தப் புள்ள சொல்லுற ஒண்டையும் அவர் நம்பமாட்டார்.”

“பணயம் வைத்தது உங்களுடைய வாழ்க்கையை அல்ல.”

 அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசவில்லை. அதன் பின்னர் எத்தனையோ படங்கள் போட்டோம், எத்தனையோ தடவை சண்டை பிடித்தோம். செங்கலடி வாசிகசாலையிலிருந்து மட்டும் எங்களுக்கு அழைப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வீட்டுக்குப் போய், செங்கலடிப் படம் முடிந்து அவர் திருப்பித் தந்திருந்த தாள்களைத் தேடி எடுத்தேன். பேசுவதற்கு முன் பென்சிலால் கோடிட்டுக்கொள்வது அவர் பழக்கம். மூச்சு விடவேண்டிய இடம், மாற்றிச் சொல்லப்போகும் சொல் எல்லாவற்றிலும் அவர் பென்சில் பட்டிருக்கும். நான் பொய் எழுதிய ஐந்து வரியிலும் ஒரு கீறல்கூட இல்லை. அப்படியானால் அவர் என் சொற்படியே பேசத்தான் வந்திருந்தார். தீர்மானம் அந்த விளக்கு வெளிச்சத்தில், நான் தலையை அசைத்த பிறகு வந்தது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தத் தாளும், சரி பிழை எனக்குப் பிடிபடாத அந்த ஒரு கணமும்தான். அவரைப் புகழ இதைவிட நல்ல சம்பவங்கள் உங்களிடம் இருக்கும். என்னிடம் உள்ளது இது.

படத்துக்கு அடுத்த நாள், திங்கட்கிழமை, நடந்ததையும் நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நான் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பதிவாளர் கந்தோருக்குப் போனேன். சாட்சி சொல்லத்தான் போனேனா, என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனேனா என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அருளப்பு அங்கே நின்றார். தவராசா முதல்நாள் போட்டிருந்த அதே சட்டையோடு நின்றான். பத்து மணி கடந்தது. பதினொன்றும் கடந்தது. பதினொன்றரைக்குச் செங்கலடி பஸ்ஸிலிருந்து சிவயோகம் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் வண்ணக்கர் இறங்கினார். அன்று காலையில் அவளே மாமனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் வேட்டி மாற்றிக்கொண்டு அவளுக்கு முன்பே பஸ் தரிப்பில் போய் நின்றிருக்கிறார். தடுக்கத்தான் வருகிறார் என்று அவள் வழி முழுக்க நினைத்திருக்கிறாள்.

அவர் உள்ளே வரவில்லை. வெளியே வாங்குப் பலகையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்சேபணை உண்டா என்று பதிவாளர் கேட்டபோது நாங்கள் நால்வரும் அந்த முதுகைப் பார்த்தோம். அது அசையவில்லை. அருளப்பு கையெழுத்து வைத்தார். அவருக்குக் கீழே நான் வைத்தேன்.

வெளியே வந்ததும் வண்ணக்கர் எழுந்தார். சிவயோகத்தைப் பார்க்காமல் அருளப்புவிடம் கேட்டார்: “அந்தப் பிள்ளைட தாய் மறுகா அவளோட கதைச்சாவா?”

 “படத்தில அது இல்ல” என்றார் அருளப்பு.

“ம்.”

“அம்மான், சாப்பிட்டுப் போங்க” என்றாள் சிவயோகம்.

“வீட்ட சமைச்சுக் கிடக்கு” என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டரை பஸ்ஸில் அவர் செங்கலடிக்குப் போனார்.