பெயர் சொல்லி அழைத்த நாள்

முதலில் தொலைந்தது செம்பு என்ற சொல். விழுப்புரம் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றி, ரயிலுக்குக் கொடி காட்டும் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வுபெற்ற என் கணவர், ஒரு காலையில் தண்ணீர்ச் செம்பைக் காட்டி, "அந்தக் கொடிய எடு" என்றார். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போகப்போக சோறு, துண்டு, மருமகன் எல்லாமே அவருக்குக் கொடியாயின. பிறகு என்னை அழைப்பதும் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அழைத்தது "இந்தா" என்றுதான். அந்த ஒரு சொல்லுக்கு நான் ஏங்கிய ஏக்கம், அப்பப்பா! அடுப்பில் சோறு குழைந்தாலும் காது அவரிடமே இருந்தது.

மகள் எஸ்தர் எங்களை ரயிலேற்றித் திண்டிவனத்துக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா சோதித்துவிட்டு, டிமென்ஷியா (மூளை தளர்ந்து நினைவும் பேச்சும் குறைந்துகொண்டே போவது) என்றார். மருந்து கிடையாதாம்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா. மத்த வார்த்தை போனாலும் சொந்தப் பேரு சட்டுனு போகாது."

கட்டிய புருஷன் பெயரையா? கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த அன்று பாதிரி ஐயர் சொல்லக் கேட்டதோடு சரி. யுத்தகாலத்தில் ரேஷன் கார்டுக்குக் கேட்டபோதுகூட எஸ்தரைத்தான் சொல்லவைத்தேன்.

"வெக்கத்த மூட்டை கட்டி வையிம்மா. அப்பா வேணுமா, வேணாமா?" என்று கத்தினாள் எஸ்தர்.

வீடு திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். அவர் சட்டென்று திரும்பினார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து, "தோ, வந்துகினே இருக்கேங்கம்மா" என்றார்.

என்னை யாரோ அதிகாரி வீட்டம்மா என்று நினைத்துவிட்டார். டாக்டரம்மா சொன்னபடி பெயர் அவரிடம் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்கிறவள் அவர் பெண்டாட்டியாக இருக்க முடியாதே! பாவி மனுஷனுக்கு அதுமட்டும் மறக்கவில்லை. வாய்விட்டு அழுதேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழையபடி, "ஏங்க, உங்களத்தான். கூழு ஆறுது" என்றேன். அவர் உட்கார்ந்தார். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். என்னையே பார்த்தார்.

"இந்தா, யாரோ ஒரு அம்மா வந்தாங்களே. போய்ட்டாங்களா?"

"போய்ட்டாங்க" என்றேன்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படியிருந்தால், என்றும் அழைத்தபடியே அழையுங்கள். எனக்கு அதன்பின் அந்தச் சொல் கிடைக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அவரும் போய்விட்டார். இன்றும் சந்தையில் காய்க்காரி கத்தரிக்காயை நீட்டி "இந்தா" என்றால், கை நீளுவதற்கு முன் என் கழுத்து அவரைத் தேடித் திரும்பிவிடுகிறது.