மோரிஸ் மைனருக்கு வந்த எஞ்சின்

செம்பனை ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து, என் வீட்டுக்காரர் ஆர்தருக்கு அவர் அப்பாவின் பழைய மோரிஸ் மைனர் கார்தான் உலகம். சீட் எவனோ விற்ற வீரா காரிலிருந்து வந்தது, ஹார்ன் ஒரு லோரியிலிருந்து. பொருத்தமான எஞ்சின்தான் கிடைக்கவில்லை. ஒரு நாள் என் கஞ்சில் காரின் எஞ்சினை இறக்கிவிட்டார்.

"ஒரு வாரம்தான் லா, பிளோரன்ஸ். உன் காருக்கு வேற எஞ்சின் பார்த்துப் போட்டுடறேன்."

அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. பத்தாங் பெர்ஜுந்தாய் சந்தைக்குப் போக, வெயிலில் பஸ்ஸுக்கு நின்று நின்று எனக்குக் கால் மரத்துப்போனது.

நேற்று மோரிஸ் கிளம்பிவிட்டது. பக்கத்து வீட்டாரெல்லாம் கைதட்டினார்கள். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சந்தைக்கு ஓட்டினார்.

"சத்தத்தைக் கேட்டியா? எப்படி ஓடுது பாரு!"

"தெரியும்," என்றேன். "முன்னெல்லாம் இந்த எஞ்சினை நானே ஓட்டிட்டுப் போவேன்."