லண்டனிலிருந்து பாரிஸ், இருநூற்றுப் பதினான்கு மைல்

மைசூர் ரயில் நிலையத்தில் நாராயணஸ்வாமி சரக்கு குமாஸ்தா. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, போனது என்று இருபத்தாறு வருஷமாக எழுதி வந்தவர். அப்படிப்பட்டவரை 1934 ஜனவரியில் அவர் மனைவி கனகலக்ஷ்மி படாதபாடு படுத்திவிட்டாள்.

லண்டனில் என்ஜினீயரிங் படிக்கும் மகன் காளிதாஸ் எழுதியிருந்தான். இருபத்தைந்தாம் தேதி வியாழக்கிழமை, அந்த ஊர்க் காலை ஒன்பது மணிக்கு, ஆகாய விமானத்தில் பாரிஸ் போகிறானாம்.

"அப்போ அவன் போய்ச் சேர்ற வரைக்கும் வீட்டைப் பெருக்கப்படாது, அலம்பப்படாது" என்றாள் கனகலக்ஷ்மி.

"அவன் கிளம்பறது லண்டன்லேர்ந்துடி. நம்ம வீட்டுக்கு என்ன?"

"பெத்தவ இங்கேதானே இருக்கேன்? எத்தனை நாழியாகும், அதைச் சொல்லுங்கோ."

அவர் பூகோளப் படத்தில் நூலை வைத்து அளந்தார். இருநூற்றுப் பதினான்கு மைல். மணிக்குத் தொண்ணூற்றைந்து மைல் என்றால் இரண்டேகால் மணி. நம் நேரப்படி இரண்டரைக்குக் கிளம்பி நாலே முக்காலுக்கு இறங்க வேண்டும்.

"பெங்களூர் எண்பத்தாறு மைல். அதுக்கே நம்ம வண்டி நாலு மணி எடுத்துக்கறது" என்றார், தைரியம் சொல்வதாக நினைத்து. அவள் முகம் இன்னும் வெளுத்தது.

வியாழன் அன்று அவர் அரைநாள் லீவு போட்டார். பக்கத்து வீட்டு கௌரம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏன்ரீ கனகம்மா, வாசல்லே இவ்வளவு எலை! பொறக்கெ காணாம போச்சா?"

"துடைப்பம் இருக்கு. காளி ஆகாசத்துலே இருக்கான்."

கௌரம்மா உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நாலே முக்கால் ஆயிற்று. "எறங்கிட்டான்" என்றார் நாராயணஸ்வாமி.

"உங்க வண்டி என்னிக்குச் சொன்ன நேரத்துக்கு வந்துது?"

விளக்கேற்றும் நேரம் நெருங்கவே, ஐந்தேகாலுக்கு அவள் துடைப்பத்தை எடுத்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, மனம் லேசான குஷியில், பிற்பகல் மூன்று மணிக்குப் பதினெட்டுக் குடம் தண்ணீர் கொட்டி வீடு முழுவதையும் அலம்பினாள்.

பிப்ரவரி எட்டாம் தேதி கடிதம் வந்தது. அப்பாவுக்கு எழுதுவதை காளிதாஸ் இங்கிலீஷில்தான் எழுதுவான். வியாழனன்று மூடுபனியாம்; விமானம் கிளம்பவே இல்லை. வெள்ளி காலை ஒன்பதுக்குக் கிளம்பிப் பதினொன்றேகாலுக்கு இறங்கியதாம்.

நாராயணஸ்வாமி அந்த வரியை இரண்டு முறை படித்தார். பதினெட்டுக் குடம் தண்ணீரும் அவர் கண்முன் ஓடியது.

"என்னன்னா எழுதியிருக்கான்? சௌக்கியமா எறங்கினானா?" ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"எறங்கிட்டான். நம்ம மணிக்கு நாலே முக்கால்."

"நீங்க சொன்ன அதே நேரம்!" அவள் கண் நிறைந்துவிட்டது. "அன்னிக்கு நான் உங்களை நம்பாம பேசிட்டேனே. தப்பா எடுத்துக்காதீங்கோ."

"அதனாலே என்ன" என்றார் அவர். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மகனின் கடிதங்களெல்லாம் தேதிவாரியாக வீட்டுப் பெட்டியில் இருந்தன. இந்த ஒன்றை மட்டும் அவர் ஆபீசுக்கு எடுத்துப் போய் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.