முன்வரிசையில் ஒரு டீ கிளாஸ்

போன வாரம் திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டைக்குப் போகிற பஸ்ஸில் ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார். முட்டியில் முறிவெண்ணெய் பளபளத்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த வாசனையை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்கென்றால் இப்படிச் சொல்லலாம்: தேங்காய் எண்ணெயில் வெற்றிலையையும் முருங்கை இலையையும் போட்டுக் காய்ச்சி, அடியில் லேசாகத் தீயவிட்ட மாதிரி இருக்கும். கை கால் சுளுக்கினால் இங்கே முதலில் அதைத்தான் தேடுவார்கள்.

பின் சீட்டில் இரண்டு பையன்கள் போனைப் பார்த்துக்கொண்டு ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரனைப் பற்றி வழக்காடிக்கொண்டிருந்தார்கள். "நீ நோக்கிக்கோ, அவன் ஃபார்ம்ல வந்தாச்சு" என்றான் ஒருவன். "ஒரே ஒரு மேட்ச்ல அடிச்சான். அதுக்குள்ள வந்தாச்சா?" என்றான் மற்றவன். பக்கத்தில் எண்ணெய் வாசனை, பின்னால் இந்தப் பேச்சு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். வெயிலில் திரும்பி நடந்து வந்தேன். கண்டக்டரிடம் சத்தமாக நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. கூச்சம் மட்டும் நிற்காமல் மேலே மேலே படித்துக்கொண்டு போயிற்று.

ஃபார்ம் என்கிற சொல்லை நான் முதலில் கேட்டது சாலைக் கடைத்தெருவில் ஒரு சந்துக்குள் இருந்த ஹோட்டலில். கல்யாணத்துக்கு முந்திய வருஷங்கள். அங்கே மேசை துடைத்துக் கிளாஸ் எடுக்கும் வேலை எனக்கு. அதை வாங்கிக் கொடுத்தவன் என் அண்ணன். அவன் திருவனந்தபுரத்துக்கு வந்தது கை வேலையால் அல்ல, கை அடியால். வள்ளியூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயில் திடலில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவனை, கடைத்தெருவில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்த ஒரு முதலாளி எங்கோ ஒரு டோர்ணமெண்டில் பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். முதலாளிக்குச் சொந்தமாக ஒரு டீம் இருந்தது. ஆடுகிறவர்களுக்கு அவருடைய சரக்குக் கிட்டங்கியில் வேலை, மேலே பரணில் படுக்க இடம்.

டீமில் இருக்கிறவரைதான் வேலை என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அண்ணனுக்கு முன்னால் அந்த இடத்தில் ஆடிய ஒருவன் கை முறிந்து ஊருக்குப் போனான். அவன் விட்டுப்போன பாயில்தான் அண்ணன் படுத்தான். இதற்கு மேல் யார் சொல்ல வேண்டும்?

சாயங்காலம் ஆட்டம் நடந்தால் மறுநாள் காலையில் எங்கள் ஹோட்டலில் அந்த ஆட்டம் இன்னொரு தடவை நடக்கும். பாய்லர் பக்கத்தில் ஒரு மார்பிள் மேசை. டீ மாஸ்டர் தங்கராஜ் அண்ணன் ஈரத் துணியை முறுக்கி அதன் குறுக்கே போடுவார். அது நெட். இந்தப் பக்கம் ஆறு கிளாஸ்கள், நம் டீம். ஐந்தைக் கவிழ்த்து வைப்பார். முன்வரிசையில் இடது ஓரத்துக் கிளாஸ் மட்டும் நிமிர்ந்து நிற்கும், டீயோடு. அது என் அண்ணன். "அடிக்கிறவன் காலியா நிக்கப்பிடாது" என்பார். அந்த டீயை யாரும் குடிக்க மாட்டார்கள். வாதம் முடிகிற நேரத்தில் ஆறி ஏடு கட்டியிருக்கும். நான்தான் கொட்டுவேன். அதுவரை அந்த மேசையைத் துடைக்க முடியாது. கல்லாவிலிருந்து ஹோட்டல்காரர் என்னைத் திட்டுவார், மாஸ்டரைத் திட்டமாட்டார்.

சுமடு தூக்குகிறவர்கள், கடைப் பையன்கள், ஆட்டோக்காரர்கள் எல்லாம் சுற்றி நிற்பார்கள். ஸ்ரீவராகத்திலிருந்து மணி சார் வருவார். முதலாளியின் கடையில் கணக்கு எழுதியவர். சர்க்கரை வியாதிக்காரர், டீ குடிக்காமலே ஆட்டம் பேசவென்று வருகிற ஒரே ஆள். ஆட்டத் திடலில் கமுகுத் தடியில் கட்டிய கேலரியில் ஒருமுறை இவர் பக்கம் மட்டும் சரிந்தது. விழுந்து எழுந்தவர் முதலில் கேட்டது பாயிண்ட் யாருக்கு என்றுதான்.

ஒரு மழைக்காலம் முடிந்து ஆட்டங்கள் தொடங்கியபோது அண்ணனின் அடி நெட்டில் விழ ஆரம்பித்தது. மேசையைச் சுற்றிலும் காரணங்கள் குவிந்தன. சோறு கூடிப்போச்சு என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் இன்னொருவர். கரமனையில் ஒரு பெண் என்று ஒருவர் சத்தியம் செய்தார். அப்படி ஒருத்தி இருந்திருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆற்றிங்கலில் ஒரு பையன் நன்றாக அடிக்கிறான், அவனைக் கொண்டுவந்தால் என்ன என்ற பேச்சும் கிளம்பிற்று. மணி சார் மட்டும் வேறு மாதிரி சொன்னார்: "கை நன்னாத்தான் விழறது. கால்தான் யோசிக்கறது."

அதைக் கேட்டதும் நான் காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஏனென்றால் கால்தான்.

மழைக்கு முன்னால் ஒரு பயிற்சி ஆட்டத்தில் யாருடைய பாதத்தின் மேலோ இறங்கி அண்ணனின் இடது முட்டி திரும்பிவிட்டது. யாரிடமும் அவன் சொல்லவில்லை. மத்தியானம் கடையை அடைத்து எல்லோரும் சாப்பிடப் போனதும் நான் கிட்டங்கிக்குப் போவேன். மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து முட்டியில் முறிவெண்ணெய் தேய்த்துவிடுவேன். எண்ணெய் வாங்குவதும் நான்தான், அவன் வாங்கினால் தெரிந்துவிடும். வத்தல் நெடியும் பெருங்காய நெடியும் நிறைந்த அந்த இடத்தில் வேறெந்த வாசனையும் நிற்காது. அவன் பிழைத்தது அதனால்தான். ஆனால் என் கையில் வாசனை நிற்குமே. தங்கராஜ் அண்ணன் ஒருநாள் மோந்து பார்த்து, எனக்கு எங்கே அடி என்று கேட்டார். முதுகில் என்றேன். அன்றிலிருந்து தண்ணீர் வாளியை என்னிடம் தராமல் அவரே தூக்கினார். அவருக்கு வயது என் அப்பாவுக்குச் சமம். வாளியோடு அவர் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிஜமாகவே முதுகு வலித்தது.

எண்ணெய் தேய்க்கும்போது அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் கேட்பான். "ஏல, இன்னைக்கு என்ன சொன்னாவ?"

தோற்ற நாள்களில் அவன் ஹோட்டல் பக்கம் வரமாட்டான். கேட்காமலும் இருக்கமாட்டான். நான் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கிச் சொல்வேன். ஆற்றிங்கல் பையனைச் சொல்லமாட்டேன். "மிச்சத்தையும் சொல்லு" என்பான். மிச்சமில்லை என்பேன். அவன் முட்டியைத் தானே தேய்க்கத் தொடங்குவான். அது கோபம்.

தங்கராஜ் அண்ணன் சொன்ன ஒன்றை மட்டும் பொறுக்காமல் அப்படியே கொண்டுபோனேன். அவர் கிளாஸை நெட்டிலிருந்து பின்னால் இழுத்துக் காட்டிச் சொன்னது: "அவனுக்க ஓட்டம் கொறையுதுடே. கிட்ட நின்னுட்டே மேல சாடுகான். தூரத்திலேந்து ஓடி வரச் சொல்லு, பந்து நெட்டுக்க மேல நிக்கும்."

அண்ணன் அதைக் கேட்டு முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தான். வலிக்குப் பயந்து அவனை அறியாமலே கால் ஓட்டத்தைச் சுருக்கியிருந்தது. அடுத்த ஆட்டத்தில் பழையபடி பின்னால் போய் ஓடி வந்தான். அப்படி எழும்பி நான் அவனைப் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. பிளாக் செய்ய உயர்ந்த எதிர் டீமின் கைகளுக்கு மேலே அவன் மார்பு தெரிந்தது. பந்து விழுந்த இடத்தில் புழுதி கிளம்பிற்று. கேலரி முழுக்க எழுந்து நின்றது. நான் மட்டும் அவன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஜெயிப்புதான். ஃபார்ம் வந்தாச்சு, ஃபார்ம் வந்தாச்சு என்று மேசையைச் சுற்றி ஒரே பேச்சு. தங்கராஜ் அண்ணன் கிளாஸைத் தூரத்திலிருந்து வீசிக் கொண்டுவருவார். டீ சிதறும். சிதறினால் பாயிண்ட். முதலாளி அண்ணனுக்குப் புது ஷூ வாங்கிக் கொடுத்தார். மத்தியானம் நான் போனால் முட்டி பனங்காய் போல வீங்கியிருக்கும். பரணிலிருந்து ஏணியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வருவான்.

"இன்னைக்கு என்ன சொன்னாவ?"

"ஃபார்ம் வந்தாச்சுன்னாவ."

சிரித்தான். சிரித்துக்கொண்டே காலை நீட்டினான். போதும் அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "நான் ஆடாம நின்னா இந்தப் பாயில நாளைக்கு வேற ஒருத்தன் கெடப்பான். தேயி" என்றான்.

ஃபைனலுக்கு முந்தின நாள் காலை. மேசையைச் சுற்றி இடம் இல்லாத கூட்டம். இந்தத் தடவை கப்பு நமக்குத்தான் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அண்ணனின் கிளாஸ் முன்வரிசையில் ஆவி பறக்க நின்றது. முந்தின மத்தியானம் அவன் முட்டி மடங்கவே இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான். அந்தப் பிடி இன்னும் தோளில் இருந்தது. நான் கூட்டத்துக்குள் கையை நுழைத்து அந்தக் கிளாஸை எடுத்தேன்.

முதலில் சிரித்தார்கள். துடைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். நான் கிளாஸோடு அங்கேயே நின்றேன்.

"இவரை நாளைக்கு உக்கார வைங்க" என்றேன்.

என் குரலை அவர்களில் பாதிப்பேர் அன்றைக்குத்தான் கேட்டார்கள். தங்கராஜ் அண்ணன் மெதுவாகச் சொன்னார். "கூடப் பொறந்தவனுக்க சோத்துல மண்ணள்ளிப் போடாதடே. அதை அங்கன வை." பொறாமை என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது காதில் விழுந்தது. மணி சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கால்லே ஏதாவதா?" என்று கேட்டார். நான் கிளாஸை வைக்கவில்லை. உள்ளே போய் டீயைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தேன்.

மணி சார் வழியாக விஷயம் முதலாளிக்குப் போயிற்று. அண்ணனின் வேட்டியை விலக்கிப் பார்த்துவிட்டு முதலாளி திரும்பிப் போனாராம். ஃபைனலில் ஆற்றிங்கல் பையன் ஆடினான். டீம் ஜெயித்தது. தோற்றிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். மறுநாள் அதே மேசையில் அதே இடத்தில் ஒரு கிளாஸ் டீயோடு நின்றது. அது வேறு ஆள்.

கால் குணமானதும் வா என்று சொல்லித்தான் அண்ணனை அனுப்பினார்கள். பஸ்ஸுக்குப் போகும் வழியில் பையோடு ஹோட்டலுக்குள் வந்தான். கூட்டமில்லாத நேரம். அந்த மேசையிலேயே உட்கார்ந்தான். தங்கராஜ் அண்ணன் கேட்காமலே டீ போட்டு, கொண்டுவந்து வைத்துவிட்டு, பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் அடி வரைக்கும் குடித்தான். நான் துணியோடு தள்ளி நின்றேன்.

"குடிச்சாச்சு. கிளாஸ எடுத்துக்கோல" என்றான்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். எடுத்தேன். அவன் சுவரைப் பிடித்து எழுந்து போனான்.

ஆற்றிங்கல் பையனுக்கு ஆட்டத்தை வைத்துப் பிற்பாடு போலீஸில் வேலை கிடைத்தது. அண்ணன் ஊரில் ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறான். மழைக்காலத்தில் கொஞ்சம் சாய்ந்து நடப்பான், மற்றபடி நடக்கிறான். நான் கிளாஸை எடுத்ததால்தான் நடக்கிறானா, எடுக்காதிருந்தால் அந்தப் போலீஸ் வேலை அவனுக்கா, எனக்குத் தெரியாது. எந்த டாக்டரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஹோட்டல் இருந்த இடத்தில் இப்போது செல்போனுக்கு உறை விற்கிறார்கள். ஆட்டம் நடந்த திடலில் கார் நிறுத்துகிறார்கள். தங்கராஜ் அண்ணன் இல்லை, மணி சார் இல்லை. டீயைக் காகிதக் கப்பில் தருகிறார்கள். குடித்தவரே கசக்கிப் போட்டுவிட்டுப் போகலாம், எடுப்பதற்கென்று ஓர் ஆள் வேண்டாம்.

தங்கராஜ் அண்ணன் படுக்கையில் கிடந்தபோது பார்க்கப் போயிருந்தேன். பேச்சு குழறியது. என்றாலும் கையை உயர்த்தி, விரலை மடக்கி, அடிப்பது போலக் காட்டிச் சொன்னார். "ஒனக்க அண்ணனப் போல ஒருத்தன் பின்ன வரல்லடே."

பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்துவந்த அன்றைக்கு, வழக்கமான ஞாயிற்றுக்கிழமை அல்லாதபோதும் அண்ணனுக்குப் போன் செய்தேன். மழை உண்டா என்று கேட்டான். பிள்ளைகளை விசாரித்தான். என்ன திடீரென்று என்றான். சும்மாதான் என்றேன். தங்கராஜ் அண்ணன் படுக்கையில் சொன்னது இத்தனை வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது. பொறுக்க வேண்டிய கல் ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் என்ன சொன்னாவ என்று அவன் கேட்டால்தானே நான் சொல்லிப் பழக்கம்.

கடையில் ஆள் வந்திருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டான்.