மாதிரி வீடு பதினான்கு

கைக்கடிகாரத்தைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டு மூடிய பிறகுதான் அந்த அம்மையார் கோப்பைத் திறப்பார். நாடி, நடை, தூக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும் கடிகாரம். வெளியூரில் இருக்கும் மகள் வாங்கிக் கொடுத்தது. "வீட்டுல கட்டிக்கிறேன், இல்லேன்னா பொண்ணு திட்டுவா. ஆபீஸ்ல எதுக்கு? எந்தப் பக்கத்தைப் படிக்கும்போது என் நெஞ்சு படபடக்குதுன்னு அந்தக் கடிகாரக் கம்பெனிக்காரனுக்கு ஏன் தெரியணும்?"

அலுவலகத்தில் அவருக்குச் 'சம்பந்தியம்மா' என்று பெயர். இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒன்றாக இணைவதாக இருந்தால், சந்தையில் போட்டி செத்துவிடுமா, மக்களுக்குக் கேடு வருமா என்று பார்த்து அனுமதிப்பது அவர் வேலை. வாங்குகிறவர் மாப்பிள்ளை வீடு, விற்கிறவர் பெண் வீடு. அதே சம்பந்தத்தை ஆராயும் பிற நாட்டு அதிகாரிகள் பங்காளிகள். மாப்பிள்ளை வீட்டுக் காகிதங்களை வெள்ளைத் தாளிலும் பெண் வீட்டுக் காகிதங்களை மஞ்சளிலும் அச்சிட்டு, பக்கத்தில் பக்கம் வைத்து, அடிக்கோலை நகர்த்தி நகர்த்திப் படிப்பார். "தனித்தனியா பார்த்தா ரெண்டு பேரும் தங்கக் கம்பிதான். சேர்த்து நிறுத்திப் பாரு, தெரியும்."

இந்த முறை மாப்பிள்ளை வீடு, பேசினால் எரியும் விளக்குக்காரர்கள். பெண் வீடு, அதே கடிகாரக்காரர்கள். காலையில் ஒரு பங்காளி தொலைபேசியில் வந்தார். "நாங்க விலை ஏறுமான்னு மட்டும்தான் பார்ப்போம் அக்கா, விட்டாச்சு. அடுத்த நாட்டுக்காரன் ஒரு பிரிவை வித்துடச் சொல்லிட்டு விட்டுட்டான். நீங்கதான் பாக்கி." மாலை ஐந்துக்குள் ஆட்சேபம் போகாவிட்டால் இங்கேயும் அனுமதித்ததாகவே அர்த்தம்.

இரு வீட்டாரும் மாதிரிக்காகக் கொடுத்திருந்த வாடிக்கையாளர் பதிவுகளைப் படித்துக்கொண்டே மதியம் மாதிரி வீடு பதினான்குக்கு வந்தார். பெயரில்லை, முகவரியில்லை. வெள்ளைத் தாளில்: விடிகாலை 5.10க்கு அடுப்படி விளக்கு, 5.20க்கு முன்னறை விளக்கு. மஞ்சள் தாளில்: 5.20 முதல் 5.31 வரை ஓரடிகூட நடையில்லை, நாடி மட்டும் ஏறுகிறது. தனியாகப் பார்த்தால் எதிலும் ஒன்றுமில்லை. சேர்த்து வைத்தார். யாரோ ஒருவர் ஒன்பது மாதமாகத் தினமும் முன்னறையில் பதினோரு நிமிடம் அசையாமல் நிற்கிறார். மூன்று நாள் மட்டும் அந்த வீட்டில் விளக்கே எரியவில்லை.

அம்மையார் வீட்டிலும் அதே பேசினால் எரியும் விளக்குகள்தான்; அந்த மூன்று நாள் அவர் தன் மகள் வீட்டில் இருந்தார். கணவர் இறந்து ஒன்பது மாதம். அவருடைய காலி நாற்காலியின் முன் தான் நிற்பது மகளுக்குக்கூடத் தெரியாது. தாள் இரண்டையும் கவிழ்த்து வைத்தார். பயத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

மேலதிகாரியிடம் சொல்லலாம். சொன்னால், தன் வீட்டு விவரம் இருக்கும் கோப்பைவிட்டு விலக வேண்டும், அதுதான் விதி. மணி நாலே முக்கால். வேறு யாரும் அந்தக் கோப்பைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை; அவர் விலகினால் ஐந்துக்குள் ஆட்சேபம் போகாது. ஆட்சேபத்தை எழுதினார்: 'இரண்டையும் சேர்த்தால் ஆளை அடையாளம் காண முடிகிறது.' அடியில் வழக்கமான கேள்வி இருந்தது. இதில் உங்களுக்குச் சொந்தத் தொடர்பு உண்டா?

"மணியாகுதேம்மா, அனுப்பட்டுமா?" என்று தபால் எழுத்தர் எட்டிப் பார்த்தார்.

"இருப்பா, ஒரே ஒரு டிக்குதான்."

'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டார். முப்பது வருட வேலையில் முதல் பொய். இழுப்பறைக்குள் கடிகாரம் ஒரு முறை அதிர்ந்து அடங்கியது.

எழுத்தர் போனதும் வெள்ளைத் தாளைச் சன்னலோர அலமாரியிலும், மஞ்சளை எதிர்ச்சுவர் அலமாரியிலும் வைத்துப் பூட்டினார். ஒரு சாவியை இடது கையிலும் மற்றதை வலது கையிலும் இறுக மூடிக்கொண்டார். இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி விலக்கிப் பிடித்தபடியே, தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தார்.